ஸ்லோ குக்கர்: யானைக்கவுனியிலிருந்து ஒரு மதிப்பீடு

சமையல் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். கருவி தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பது ஒன்று. அந்த வேலை இந்த வீட்டுக்கு வேண்டியதுதானா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் ஸ்லோ குக்கர் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிடும். இரண்டாவதில்தான் தடுமாறுகிறது. அதற்குப் பொதுவிடை கிடையாது. எந்தத் தெரு, என்ன தண்ணீர், சமையல் மேடையில் எத்தனை பிளக் பாயின்ட், வீட்டில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் விசாரித்துத்தான் சொல்ல முடியும்.

அதனால் இந்த மதிப்பீட்டின் எல்லையை வடசென்னையின் யானைக்கவுனியாக வைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் வால்டாக்ஸ் சாலை, மறுபக்கம் மின்ட் தெரு, கூப்பிடு தூரத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன். தமிழ், தெலுங்கு, மார்வாடி, குஜராத்தி, உருது என்று பல வீட்டுத் தாளிப்புகளும் ஒரே சந்தில் மணக்கும் இடம். ராயபுரம், காசிமேடு வரை நடையை நீட்டினால் மீனும் சேர்ந்துகொள்ளும். இத்தனை சமையல் மரபுகள் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் இருப்பதால், ஒரு கருவிக்கு இங்கே கிடைக்கும் தீர்ப்பு ஒருதலையாகப் போக வாய்ப்புக் குறைவு.

கருவியின் அமைப்பு எளிமையானது. அந்த எளிமையில் ஓர் அழகும் உண்டு. கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றி உலோகக் கூடு, கூட்டின் பக்கச் சுவரில் சுற்றிய சூடேற்றும் கம்பி, மேலே கண்ணாடி மூடி. சிறு குடும்பத்துக்கான அளவு 150 முதல் 200 வாட் வரை இழுக்கும். ‘லோ’, ‘ஹை’ என்று இரண்டு நிலை இருந்தாலும் இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், கொதிநிலையை ஒட்டி. போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. மூடியில் படியும் ஆவி நீராகி விளிம்பில் வழிந்து, மூடிக்கும் பானைக்கும் நடுவே ஒரு நீர்ப்பூட்டுப் போட்டுவிடுகிறது. ஆகவே காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையிலும் அநேகமாகக் குறையாமல் இருக்கும். இந்த நீர்ப்பூட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் நிறையும் குறையும் பெரும்பாலும் இங்கேயிருந்தே கிளைக்கின்றன.

இது பிறந்த கதையும் மதிப்பீட்டுக்கு உதவும். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவின் வில்னா நகரில் வளர்ந்த தன் தாய் சொல்லக் கேட்டது அவருக்குத் தூண்டுதல். அங்கே யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன், பயறும் இறைச்சியும் இட்ட ‘சோலன்ட்’ பானையை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அணைந்துவரும் அடுப்பின் சூட்டில் அது இரவெல்லாம் வெந்து மறுநாள் வீடு திரும்பும். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்ற விதிக்குள் சூடான சாப்பாடு கிடைக்க அதுதான் வழி. 1970இல் ரைவல் நிறுவனம் நாக்ஸனின் தொழிலை வாங்கியது. 1971இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் கருவி கடைக்கு வந்தது; வேலைக்குப் போகும் பெண்களை நோக்கி விற்கப்பட்டது. மதவிதி ஒன்றுக்கு விடையாகத் தோன்றியது, முப்பது ஆண்டு கழித்து அலுவலக நேரத்துக்கு விடையாக வேடம் மாறிக்கொண்டது.

அந்த விதியை அப்படியே திருப்பிப் போட்டால் யானைக்கவுனியின் ஜெயின் வீடு கிடைக்கும். கண்டிப்பான குடும்பங்களில் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை, இரவில் அடுப்பு மூட்டுவதில்லை. ராத்தங்கிய ஈரப் பண்டம் மறுநாள் தட்டுக்கு வராது. இரவு பத்து மணிக்கு சுவிட்சைப் போட்டு விடிந்து திறக்கும் முறைக்கு அங்கே இடமே இல்லை. பகலில் வைக்கலாம்தான். ஆனால் கிழங்கும் வெங்காயமும் பூண்டும் இறைச்சியும் நீங்கிய சமையலில் எட்டு மணி நேரம் வேக வேண்டியது என்ன மிஞ்சுகிறது? பாசிப்பருப்புக்கும் துவரம்பருப்புக்கும் அவ்வளவு நேரம் அதிகம். ஒரு சமயத்தின் விதி பெற்றெடுத்த கருவியை இன்னொரு சமயத்தின் விதி வாசலோடு அனுப்பிவிடுகிறது. இதைக் கருவியின் குறையாகக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ‘ஒவ்வொரு வீட்டுக்கும்’ என்ற விளம்பர வாக்கியத்தை இந்தத் தெருவின் கணிசமான வீடுகளில் முதலிலேயே அடித்துவிடலாம்.

மெதுவாக வேகவைப்பது நமக்குப் புதிதும் இல்லை. வால்டாக்ஸ் சாலை மரவாடிகளின் சாலை. மரத்தூள் அடுப்பு புழங்கிய காலத்தில், தகர அடுப்பின் நடுவே பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளைக் கெட்டித்து, பாட்டிலை உருவிவிட்டு அடியில் பற்றவைப்பார்கள். புகை அடங்கியபின் மணிக்கணக்கில் சீராகக் கனன்றுகொண்டிருக்கும். சோறு இறங்கியபின் பருப்பு, பருப்புக்குப் பின் வெந்நீர், கடைசித் தணலில் பால் என்று ஒரு நாள் சமையலே அந்தக் கனலின் இறங்குமுகத்தை அனுசரித்து நடந்தது. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் 1910இல் வடிவமைத்த இக்மிக் குக்கர் இன்னும் ஒரு படி மேல். டிபன் கேரியர் போன்ற அடுக்கு, அதைச் சூழ்ந்த வெளிப்பாத்திரம், அடியில் கொஞ்சம் கரி. வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்தால் சோறும் பருப்பும் கறியும் ஆகியிருக்கும். மின்சாரம் ஒன்றைத் தவிர ஸ்லோ குக்கர் தருவதாகச் சொல்லும் எல்லாமே அதில் இருந்தது. தமிழ் வீடுகளில் ருக்மணி குக்கர் பித்தளை அடுக்குகளோடு அதே வரிசையில் வந்து நின்றது.

பிறகு 1959இல் ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் இந்தியாவில் பிரஷர் குக்கர் செய்யத் தொடங்கின. ஒரு தலைமுறைக்குள் அடுக்குக் குக்கர்கள் பரண் ஏறின. அழுத்தம் ஏறிய பானைக்குள் நீர் 120 டிகிரி வரை சூடாகும். துவரம்பருப்பு கால் மணியில் மசியும். அப்போது இதை வாங்கியவர்கள் மெதுச் சமையலை அறியாதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டையும் ஆண்டு பார்த்து ஒன்றைக் கைவிட்டார்கள். விசிலை விட்டுவிட்டு மீண்டும் எட்டு மணி நேரத்துக்கு வாருங்கள் என்று அழைப்பவர், அந்தத் தேர்வில் எங்கே பிழை நேர்ந்தது என்று காட்டியாக வேண்டும். காட்ட முடிகிற இடங்கள் இல்லாமல் இல்லை, ஆனால் குறைவு.

குறைவுக்குக் காரணம் நம் குழம்புகளின் இலக்கணம். அது வரிசையில் இருக்கிறது. பருப்பு தனியே வேக வேண்டும். புளி தனியே கொதிக்க வேண்டும். புளியின் பச்சை வாசனை போனபிறகு பருப்பு சேரும், இறக்கும்போது கொத்தமல்லி, கடைசியில் தாளிப்பு. சம்பிரதாயத்துக்காக யாரும் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. புளியின் அமிலம் பருப்பை இறுக்கிவிடும். முன்கூட்டிச் சேர்த்தால் எத்தனை மணி ஆனாலும் மசியாது. பொடியின் பச்சை நெடி தளதளவென்று கொதித்து ஆவியோடு வெளியேறியாக வேண்டும். ஸ்லோ குக்கரில் அந்தத் தளதளப்பும் இல்லை, ஆவிக்கு வழியும் இல்லை. மூடியில் முட்டிய நெடி நீரோடு நீராகத் திரும்பி உள்ளேயே விழுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எட்டு மணி கழித்துத் திறந்து பாருங்கள்: முருங்கைக்காய் நாராகியிருக்கும், கத்தரிக்காய் தோலாகியிருக்கும், பருப்பு முழித்துக்கொண்டிருக்கும், புளி மட்டும் காலையில் இருந்த இடத்திலேயே நிற்கும்.

வற்றல் குழம்பு, காரக் குழம்பு, தொக்கு எல்லாமே சுண்டி எண்ணெய் பிரிவதில்தான் முழுமை பெறுகின்றன. நீர் குறையாத கருவியில் அவை தொடங்குவதே தவறு. தேங்காய் அரைத்து விட்ட கூட்டும் மோர்க்குழம்பும் நீண்ட சூட்டில் திரிந்துபோகும். பாலைச் சுண்டவைக்க இது உதவுமா என்று பார்த்தாலும் விடை அதுதான். மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடை வாசலில் பாதாம் பால் காய்கிற சட்டியைக் கவனித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: அகன்ற வாய், திறந்த பரப்பு, ஓயாமல் கிளறும் கை, ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து வழித்து உள்ளே தள்ளும் கரண்டி. குறுகிய வாயும் மூடியுமாக இருக்கும் ஸ்லோ குக்கர் இந்த நான்கையும் மறுக்கிறது.

காசிமேட்டு மீனைப் பற்றி நீட்ட வேண்டாம். பத்து நிமிடத்தில் வெந்துவிடுகிற பண்டத்துக்கு இந்தக் கருவி எதற்கு? முதல்நாள் வைத்த மீன்குழம்பு மறுநாள் ருசிப்பது உண்மைதான். அந்த ருசி அடுப்பை அணைத்தபின் கூடுவது.

இனி நிறையின் பக்கம். அங்கே கருவிக்கு உண்மையான சாதனை உண்டு, ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஆட்டுக்கால் பாயா. தீயில் வாட்டிச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவிய கால்கள். நசுக்கிய இஞ்சி பூண்டு, மிளகு, பட்டை, உப்பு, கால் முழுகத் தண்ணீர். அடுப்பில் ஒரு கொதி விட்டு நுரையை எடுத்தபின் பீங்கான் பானைக்கு மாற்றி இரவெல்லாம் ‘லோ’வில் விட்டால், விடிகாலையில் மூடிக்குக் கீழே தெரிவது தெளிந்த சாறு. கொழுப்பு மேலே தனி ஏடாக நிற்கும், அகப்பையால் வழித்தெடுத்துவிடலாம். தோல் எலும்பை விட்டு விலகியிருக்கும், ஆனால் உருக்குலையாது. எலும்பைத் தட்டினால் மஜ்ஜை முழுசாக வெளியே வரும். ஒரு கரண்டி குடித்தால் உதட்டோடு உதடு ஒட்டும். தசைநாரில் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறுவதற்குச் சூடு மிகுதியாக வேண்டியதில்லை, நேரம்தான் வேண்டும். அந்த நேரத்தை ஆள் நிற்காமல் கொடுப்பதில் இந்தக் கருவிக்கு ஈடு இல்லை. பிரஷர் குக்கர் பாயாவும் ஒரு மணியில் வெந்துவிடும், ஆறினால் அதுவும் உறையும். ஆனால் ஒவ்வொரு விசிலிலும் உள்ளே எழும் கொந்தளிப்பில் கொழுப்பும் மஜ்ஜையும் சாற்றோடு கடைந்துபோய்க் கலங்கலாகிவிடுகின்றன. கலங்கலே பாயாவின் ருசி என்பவர்கள் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தவர்கள் சாற்றின் தெளிவில் ஸ்லோ குக்கருக்கும், மசாலாவின் ஏற்றத்தில் பிரஷர் குக்கருக்கும் மதிப்பெண் கொடுப்பார்கள். மசாலாவைப் பிற்பாடு வதக்கிச் சேர்க்கலாம். கலங்கிய சாற்றைத் தெளியவைக்க முடியாது. ஆகவே இந்தச் சுற்றில் வெற்றி ஐயமின்றி ஸ்லோ குக்கருக்கே.

பாயாவுக்குச் சொன்னது நிஹாரிக்கும், மார்கண்ட சூப்புக்கும், முற்றிய ஆட்டுக்கறிக்கும் பொருந்தும். கஞ்சிக்கும் பொருந்தும். ரம்ஜான் மாதத்தில் சஹருக்கு எழுகிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். விடியலுக்கு முன்னால், அரைத் தூக்கத்தில், சூடான கஞ்சியோ பாயாவோ தயாராக இருக்கிறது; யாரும் மூன்று மணிக்கு அடுப்படியில் நிற்கவில்லை. குறித்த ஒரு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், அதற்கு முன்னால் சமைக்க ஆளும் பொழுதும் இல்லை என்ற நெருக்கடியில்தான் இந்தக் கருவி பிறந்தது. அந்த நெருக்கடி இருக்கிற வீட்டில் அது தன் முழு உயரத்துக்கு நிற்கிறது. பல் போன பெரியவர்களுக்கு நொய்க்கஞ்சி வைக்கும் வீடுகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

ராஜ்மாவில் ருசி விமர்சனத்தை நிறுத்திவிட்டு எச்சரிக்கைக்கு வர வேண்டியிருக்கிறது. வடக்கத்திய வீடுகள் மிகுந்த இந்தப் பகுதியில் ஸ்லோ குக்கர் வாங்குகிறவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது அநேகமாக ராஜ்மாவாகத்தான் இருக்கும். சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதையே வாந்தியையும் பேதியையும் கொண்டுவரப் போதும். நல்ல கொதியில் அது அழியும். ஆனால் 80 டிகிரியை ஒட்டிய மந்தச் சூட்டில் வேகும்போது அதன் நச்சுத்தன்மை ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே ராஜ்மா ஸ்லோ குக்கருக்குள் போகலாம். பிரஷர் குக்கரில் வைக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. மூன்றாவது விசிலுக்குள் அந்தச் சூடு வந்துவிடும்.

இங்கே முறைமையின் குறை ஒன்று வெளிப்படுகிறது. ராஜ்மாவுக்கு முன்கொதி, பாயாவுக்கு நுரை எடுப்பு, குருமாவுக்கு வெங்காயம் வதக்கல், எல்லாவற்றுக்கும் கடைசியில் தாளிப்பு. அப்படியானால் ‘எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிட்டுப் போங்கள்’ என்ற அடிப்படைக் கூற்று என்ன ஆகிறது? முன்னாலும் பின்னாலும் அடுப்பு எரிகிறது. நடுவில் மட்டும் கருவி. சிகாகோவில் வாழும் அனுபி சிங்லாவின் ‘தி இந்தியன் ஸ்லோ குக்கர்’ 2010இல் வெளிவந்தது. இந்தியச் சமையலுக்கு இந்தக் கருவியைப் பழக்க எடுத்த முயற்சிகளில் பொறுப்பானது அது. அதிலும் பஞ்சாபி வீட்டுப் பருப்பு, பயறு, கடலை வகைகளே வலுவாக நிற்கின்றன. ஆசிரியரின் திறமைக்குக் குறைவில்லை. கருவியின் எல்லைதான் புத்தகத்தின் எல்லையாகவும் ஆகிவிட்டது. தெற்கத்திய குழம்பு வரிசைக்கு அந்த எல்லைக்குள் இடம் பிடிப்பது கடினம்.

‘நேரம் மிச்சம்’ என்ற வாதத்தை இப்போது எடுக்கலாம். ஒரு நாள் சமையலில் நம் நேரத்தைத் தின்பது எது? நறுக்குவது, உரிப்பது, அரைப்பது, வதக்குவது, பாத்திரம் கழுவுவது. பருப்பு வேகும் கால் மணி நேரம் அந்தக் கணக்கில் பெரிய செலவே இல்லை. அந்தக் கால் மணியில் காய் நறுக்கி முடிகிறது. ஸ்லோ குக்கர் நமக்கு விடுவித்துத் தருவதாகச் சொல்லும் நேரம் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே சும்மா வைத்திருந்த நேரம். அதற்கு ஈடாகக் காலை ஆறு மணிக்கே காயை நறுக்கி வைக்கச் சொல்கிறது. ஏழு மணிக்குத் தண்ணீர் வரும், ஏழரைக்குப் பள்ளிக்கூட ஆட்டோ வரும் என்றிருக்கும் வீட்டில் இது நேரத்தை மிச்சம் பிடிப்பது ஆகாது; இருக்கிற நெருக்கடியை இன்னும் நெருக்குவது. ஆனால் எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரஷர் குக்கருக்குக் காது கொடுக்க வேண்டும். எரியும் காஸை விட்டுவிட்டு வெளியே போக முடியாது. தனியாக இருக்கும் முதியவருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், ஷிப்ட் முடிந்து வேளை கெட்ட வேளையில் திரும்பும் ரயில்வே, துறைமுகத் தொழிலாளிக்கும் விசிலை எண்ண வேண்டாத பானை ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நிமிடக் கணக்கில் மதிப்புப் போட முடியாது.

மின்சாரக் கணக்கு எளிது. சராசரி 150 வாட், எட்டு மணி நேரம்: 1.2 யூனிட். அதே பருப்பைப் பிரஷர் குக்கரில் 1200 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் இருபது நிமிடம் வைத்தால் 0.4 யூனிட். மூன்று மடங்கு. தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பங்கு. 500 யூனிட் எல்லையை ஒட்டி ஓடும் வீடு என்றால் இந்த 72 அதை மேல் விகிதத்துக்குத் தள்ளிவிடலாம். வாரம் ஒருமுறை என்றால் கணக்கில் பேசவே வேண்டாம், தொகை அற்பம். காஸை விட மின்சாரம் சுத்தமானது என்று கடைக்காரர் சொல்வதை மட்டும், எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் சாம்பலைத் தெரிந்த வடசென்னையில் சற்றுக் குரல் தாழ்த்திச் சொல்வது நல்லது.

பணத்தை விடப் பெரிய செலவு இடம். யானைக்கவுனியின் பழைய வீடுகளில், மாடிப் போர்ஷன்களில், சமையல் மேடை நான்கடி இருந்தால் பெரிது. பிளக் பாயின்ட் ஒன்றோ இரண்டோ. மிக்ஸியும் கிரைண்டரும் அதற்கு முறைவைத்துக் காத்திருக்கும். எட்டு மணி நேரம் ஒரு பாயின்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பொருள் மேடையில் வாடகைதாரர் போல இருக்க வேண்டும். ஆனால் கொடுக்கும் வாடகை வாரம் ஒரு பாயா. மின்வெட்டு இன்னொரு தொல்லை. வீட்டில் ஆள் இருந்தால் பண்டத்தை அடுப்புக்கு மாற்றிவிடலாம். ஆள் இல்லாதபோது கரண்ட் போய், எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாமல் வந்திருந்தால், உள்ளே இருக்கும் கறி வெந்தது போலவே தோன்றினாலும் கொட்டிவிட வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்த கறிச்சாறு கிருமிகளுக்கு வளர்ப்புக்கூடம். சென்னை வெயிலில் இதில் சலுகை கிடையாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோர வடசென்னையில் பல இடங்களில் போர்வெல் நீர் உவர். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்ததன் பின்னணியே இந்தப் பற்றாக்குறைதான். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் பருப்பும் பயறும் எளிதில் மசியாது. 120 டிகிரிச் சூடு அந்தப் பிடிவாதத்தை உடைத்துவிடுகிறது, கொதிநிலைக்கு அருகே மெல்ல நகரும் ஸ்லோ குக்கரால் முடிவதில்லை. கேன் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் அதே பருப்பு வெண்ணெயாக வேகிறது. குறை தண்ணீருடையதுதான். ஆனால் இருக்கும் தண்ணீரில்தான் கருவியை மதிப்பிட முடியும்.

பழுதுபார்ப்பும் ஓர் அளவுகோலே. நம் விமர்சகர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிரஷர் குக்கருக்கு கேஸ்கெட், விசில், சேஃப்டி வால்வு, கைப்பிடி எல்லாம் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தே மாட்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஐம்பது வருடக் குக்கர் இன்னும் ஓடும் வீடுகள் நிறைய. ஸ்லோ குக்கரின் பீங்கான் பானை, சூட்டோடு குழாயடிக்குப் போனால் விரிசல் விடும். அந்த மாடலுக்கு அந்த அளவுப் பானை தனியாகக் கிடைப்பது அரிது. பானை போனால் மிச்சம் இருப்பது ஒரு தகரக் கூடு.

கடைசியாக ஒரு போட்டியாளர். கேரள வீடுகளில் பரவலாகப் புழங்கும் தெர்மல் குக்கர் தமிழ்நாட்டிலும் கிடைக்கிறது. அரிசியையோ பயறையோ அடுப்பில் பத்து இருபது நிமிடம் கொதிக்கவைத்து, பாத்திரத்தோடு தூக்கி வெப்பம் வெளியேறாத உறைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். உள்ளிருக்கும் சூட்டிலேயே வெந்துவிடும். உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் எரிபொருளை மிச்சம் பிடிக்க வைக்கோல் திணித்த பெட்டியில் பானையை வைத்தார்களே, அதன் எவர்சில்வர்ப் பிறப்பு இது. பிளக் வேண்டாம், கரண்ட் போனால் கவலையில்லை. முதலிலேயே கொதிக்கவைத்தாக வேண்டும் என்பது முறையிலேயே இருப்பதால் ராஜ்மா ஆபத்தும் குறைகிறது. சூடு மெல்ல இறங்கிக்கொண்டே போகும் என்பதால் பாயாவுக்கும் பெரிய துண்டுக் கறிக்கும் இது போதாது. இரவெல்லாம் விட்டுவைக்கவும் கூடாது. ஆனால் சோறு, கஞ்சி, பயறு என்ற அன்றாட வட்டத்தில் ஸ்லோ குக்கர் தருவதாகச் சொல்லும் சிக்கனத்தை உண்மையாகவே தருவது இதுதான். ஒரே கருவியில் பிரஷரும் ஸ்லோவும் இருக்கட்டும் என்று மல்டிகுக்கர் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அவற்றில் பெரும்பாலானவை அடியிலிருந்து மட்டுமே சூடேறுகின்றன. பக்கச் சுவர் முழுக்கச் சூழ்ந்து வரும் பீங்கான் பானையின் சீரான சூடு அவற்றில் வருவதில்லை. ‘ஸ்லோ’ பொத்தான் அவற்றில் ஒப்புக்குத்தான்.

எடைபோட்டு முடித்தால் நிலை இது. எலும்பு, கால், கெட்டிக்கறி, கஞ்சி ஆகியவற்றில் ஸ்லோ குக்கரின் சாதனை முதல் தரம். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. பருப்பில் சராசரி. தோல் உளுந்திலும் கொள்ளிலும் அதைவிடக் கொஞ்சம் மேல். புளிக்குழம்பு, தேங்காய்க் கூட்டு, மீன், பால் ஆகியவற்றில் தோல்வி. யானைக்கவுனியின் சராசரி வீடு நாள்தோறும் சமைப்பது பெரும்பாலும் கடைசி வரிசையில் இருக்கிறது. ஆகவே பொதுவான தீர்ப்பு: வேண்டாம்.

வாரம் ஒருமுறையாவது பாயாவோ எலும்பு சூப்போ வைக்கும் வீடு, சஹருக்கு எழும் வீடு, வேளை தவறி வருகிறவருக்கோ பல் இல்லாதவருக்கோ சூடாக ஏதாவது இருக்க வேண்டிய வீடு என்றால் வாங்குங்கள். நாலு பேருக்கு மூன்றரை லிட்டர் போதும். பானையைத் தனியாக எடுத்துக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பாருக்கும் பருப்புக்கும் என்று யாராவது வாங்கச் சொன்னால், இருக்கிற குக்கருக்கு ஒரு புது கேஸ்கெட் வாங்கிப் போடுங்கள்.